பரனூரில் இறங்கும் வலி

பேசத் தெரியாத ஒருவர்மீது நான் பொறாமை கொண்டிருந்தேன். பள்ளி நாள் தொடங்கி மருத்துவக் கல்லூரி முடியும்வரை நான் வென்ற கேடயங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டுகளை நிறைத்திருந்தன. எதிரணியில் நின்று தோற்றவர்களையும் அறிவேன். அரிதாக என்னை வென்றவர்களையும் அறிவேன். அவர்களில் எவரைக் கண்டும் எனக்கு இந்த உணர்வு தோன்றியதில்லை. அது தோன்றியது, மேடையேறி ஒரு வாக்கியம்கூடப் பேசியிராத ஓர் ஆய்வகப் பணியாளரைக் கண்டு.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு பணியாற்றினேன். அதில் பெரும்பகுதி சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான பிரிவில் கழிந்தது. அங்கே இரத்தம் எடுப்பதும் சிறுநீரைச் சோதிப்பதும் அந்தப் பணியாளரின் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, சற்றே கூனிய நடை. அவருடைய தந்தை பேருந்து நிலையத்தருகே துணிக்கடை வைத்திருந்தார். மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர் முதல் பிரிவின் தலைவரான எங்கள் சீஃப் வரை அனைவரும் அவரை ‘பாய்’ என்றே அழைத்தார்கள்.

அவருடைய சட்டைப் பை எப்போதும் புடைத்திருக்கும். முதல் வாரம் நான் அது வெற்றிலைப் பெட்டி என்று எண்ணினேன். பிறகுதான் தெரிந்தது, பையில் இருந்தவை மரத்துப்போகச் செய்யும் களிம்புக் குழாய்கள் என்று. சிறுநீர்ப்பைக்குள் விளக்குக் குழாயைச் செலுத்துவதற்குமுன் அந்தக் களிம்பைத்தான் உள்ளே செலுத்துவோம். அலமாரியில் இருக்கும் களிம்பு குளிர்ந்திருக்கும். குளிர்ந்த களிம்பு உள்ளே போனதும் மனிதன் துள்ளுவான். அதனால் காலையிலேயே இரண்டு குழாய்களை எடுத்துத் தம் மார்போடு வைத்துக்கொள்வார். அதைச் செய்யும்படி அவரிடம் எவரும் சொல்லவில்லை. செய்வதாக அவரும் எவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சீஃப் அந்த ஆண்டு இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். விளக்குக் குழாய்ப் பரிசோதனையில் நோயாளி படும் வேதனையை எவ்வாறு குறைப்பது என்பது முதல் கேள்வி. களிம்பு போட்டதும் உடனே தொடங்குவதா, பத்து நிமிடம் காத்திருந்து தொடங்குவதா, உள்ளே செலுத்தும் நீரை வெதுவெதுப்பாக்குவதா என்று முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். இரண்டாம் கேள்வி, புராஸ்டேட் சுரப்பியில் புற்று இருந்தால் இரத்தத்தில் மிகும் ஆசிட் பாஸ்படேஸ் என்ற பொருளைப் பற்றியது. அதை அளந்து நோயை முன்கூட்டியே அறிய முடியுமா என்று பார்த்தார். ஆய்வின் முடிவை மகாபலிபுரத்தில் கடலோரத்து அரங்கொன்றில் கூடவிருந்த மருத்துவர் மாநாட்டில் படிப்பதென்று ஏற்பாடு. அங்கே மேடையேறிப் படிக்கப்போவது நான்தான் என்று முதல் நாளே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

முதல் கேள்விக்கான வினாத்தாளைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேறு யாரிடம் வரும்? ‘பரிசோதனையின்போது தாங்கள் உற்ற வேதனை எத்தகையது? இல்லை, சிறிது, மிகுதி, பொறுக்கவியலாதது: இவற்றுள் ஒன்றைக் கூறுக’ என்று எழுதினேன். கட்டிலருகே நின்று, ஏற்ற இறக்கத்தோடு, ஒவ்வொரு நோயாளியிடமும் படித்தேன்.

ஒருவர் தவறாமல் எல்லோரும் ‘ஒண்ணும் இல்லீங்க’ என்றார்கள். கண்ணோரம் நீர் காயாதவர்களும் அதையே சொன்னார்கள். பல்லில் கடித்த துண்டைக் கிழித்துவிட்ட ஒரு வண்டிக்காரர், நல்லபடியாகச் செய்தீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கைகூப்பினார். வெள்ளைக் கோட்டு அணிந்தவன் முகத்துக்கு நேரே, நீ செய்தது வலித்தது என்று சொல்வது எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு மரியாதைக் குறைவு. அதுவும் வலி இருந்த இடம் அப்படிப்பட்டது.

மாதக் கடைசியில் தாள்களைப் புரட்டிய சீஃப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னப்பா, இந்த ஜில்லாவுல எவனுக்கும் நரம்பே கிடையாதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவருக்குப் பரிசோதனை முடிந்தது. இரத்தம் எடுப்பதற்காகப் பாய் போனார். போனவர் ஊசியை எடுக்கவில்லை. ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் அவருடைய தலை நோயாளியின் தலையைவிடத் தாழ்ந்திருக்கும். திரைக்கு இப்பால் நின்று நான் கேட்டேன்.

“அண்ணாத்த, செங்கல்பட்டுல ரயில் ஏறிக்கினேன்னு வச்சிக்கோ. டாக்டரு உள்ள வுட்டதுலேர்ந்து வெளிய எடுக்கற வரிக்கும் வண்டி எந்த டேஷன் வந்துச்சி?”

கேட்டுவிட்டு அவர் சும்மா இருந்தார். இதைத்தான் நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நான் கேள்வி கேட்டால், விடை வருவதற்குள் அதை வேறு சொற்களில் மறுபடி கேட்பேன். அதற்கும் விடை வராவிட்டால் விடையையும் நானே எடுத்துக் கொடுப்பேன். பாய் காத்திருந்தார். கையிலிருந்த ஒட்டுப் பட்டையைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்துத் தம் முழங்கால்மீது வரிசையாக ஒட்டிக்கொண்டே காத்திருந்தார்.

சூளைத் தொழிலாளி கண்ணை மூடிக்கொண்டார். உண்மையாகவே ரயிலேறிவிட்டார் போலிருந்தது. “பரனூர்ல நின்னா மாதிரியே தெரியில பாய். சிங்கப்பெருமாகோயில்ல நின்னுச்சி, ரொம்ப நேரம் நின்னுச்சி. அப்பால காட்டாங்கொளத்தூர். கூடுவாஞ்சேரி வந்து எங்க வூட்டுக் கூரையே தெரிஞ்சிது, அப்பகூட உள்ள இன்னாவோ பண்ணிக்கினுதான் இருந்தாரு.”

பரிசோதனைக்கு ஆன நேரத்தை நான் கடிகாரத்தில் குறித்திருந்தேன். ஆறு நிமிடம். செங்கல்பட்டிலிருந்து ஆறு நிமிடத்தில் ரயில் பரனூரைத்தான் எட்டும்.

வலித்ததா என்று பாய் கேட்கவே இல்லை. எனவே அந்த மனிதர் குறை சொல்லவும் நேரவில்லை. ஆயினும் வேதனையின் அளவு, நிலையம் நிலையமாக, எவர் முகத்தையும் நோகச் செய்யாமல் வெளியே வந்துவிட்டது. இந்த ஒரு கேள்வியை யோசித்துக் கண்டுபிடித்தாரா, வாய்க்கு வந்ததைக் கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

செய்தி சீஃபை எட்டியது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மறுநாள் முதல், என் வினாத்தாள்களின் பின்பக்கத்தில் பரனூர் தொடங்கித் தாம்பரம் வரை நிலையங்களின் பெயர்கள் எழுதப்பட்டன. முன்பக்கத்து என் தமிழ் தாளினூடே இடவலம் மாறித் தெரிந்தது.

முடிவுகள் தாமே வரிசையில் வந்து நின்றன. களிம்பு போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, வெதுவெதுப்பான நீரோடு செய்தால் பெரும்பாலோர் பரனூரிலேயே இறங்கினார்கள். அவசரப்பட்டுச் செய்தால் வண்டலூர் போனார்கள். பயிற்சிக்கென்று வந்த ஒரு மருத்துவரின் கையில் சிக்கிய முதியவர், தாம்பரத்தில் வண்டி மாறி எழும்பூரே போய்விட்டதாகச் சொன்னார். வார்டு முழுவதும் சிரித்தது. அந்த மருத்துவரும் சிரித்துவிட்டு, அடுத்த நோயாளிக்குப் பத்து நிமிடம் காத்திருந்தார்.

நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். கற்றுக்கொள்ள முடியாத கலை ஒன்று உண்டென்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. வாளியைக் கவிழ்த்து உட்காரவில்லை. அது ஒரு மருத்துவனுக்கு ஆகாது. நின்றபடியே, தெளிவான குரலில், நிலையங்களை ஒவ்வொன்றாக அறிவித்தேன். சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த மீனவர் ஒருவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “நா ரயில்லயே போனதில்ல சார்” என்றார். மாலையில் பாய் அதே மனிதரிடம் புதுப்பட்டினத்திலிருந்து புறப்படும் பேருந்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். திருக்கழுக்குன்றம் மலை கண்ணுக்குத் தெரியும்வரை போய்விட்டதாக அவர் சொன்னாராம்.

அவருடைய மற்ற வழக்கங்களையும் கவனிக்கத் தொடங்கினேன். பொறாமை கொண்டவனைப்போல் கூர்ந்து கவனிப்பவன் இல்லை. பொறை ரொட்டியைத் தேநீரில் தோய்த்து உண்பார். பாதி உண்கையில் யாராவது பேச வந்தால், பொறை கரைந்து விழுந்தாலும் சொல்பவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். ஊசி குத்துவதற்குமுன் கையைத் தட்டித் தேய்க்காமல், நரம்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு ஊர்க்கதை கேட்பார். கதை சொல்பவன் உச்சத்தை எட்டும்போது ஊசி உள்ளே போயிருக்கும். வீடு திரும்பும் நோயாளிகள் எனக்குக் கும்பிடு போட்டார்கள். அவருக்கு முருங்கைக்காயும் கருவாடும் கொடுத்தார்கள். மருமகள் கொடுமையையும், விற்றுத் தீர்த்த நிலத்தையும், மனைவியிடமே மறைத்த நோயையும் அவரிடம்தான் சொன்னார்கள்.

எனக்கு முருங்கைக்காய் வேண்டியதில்லை. அரங்கம் நிறைந்த மக்களை அழவைக்கவும் சிரிக்கவைக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டில்களில் கிடந்த ஒருவராவது, ஒரே ஒரு முறையாவது, என்னிடம் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும் என்று ஏங்கினேன். அந்த ஏக்கம் நாளடைவில், அவரிடமும் எவரும் சொல்லாமற்போகட்டும் என்ற விருப்பமாகத் திரிந்தது.

மாநாட்டைப் பற்றிப் பேச்சு வந்த ஒரு நாள், மேடையில் பாயையும் நிறுத்தினால் என்ன என்று சீஃப் கேட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி என் தவறுக்கு வருகிறேன். ஆய்வின் இரண்டாம் பகுதிக்கு ஒரு விதி உண்டு. புராஸ்டேட் சுரப்பி கடினமாகியிருக்கிறதா என்று மலவாய் வழியே விரலால் அழுத்திப் பார்ப்போம். அப்படி அழுத்தினால் நோயற்ற சுரப்பியும் அந்தப் பொருளைச் சிறிது இரத்தத்தில் கசியவிடும். ஆகவே முதலில் இரத்தம், பிறகு விரல். வரிசை மாறினால், நோயில்லாதவன் கணக்கில் நோய் ஏறிவிடும். கேஸ் ஷீட்டில் இரண்டுக்கும் நேரம் குறிப்பதற்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. தாள் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக முதல் நாள் மாலையே அந்தக் கட்டங்களை நான் நிரப்பி வைத்துவிடுவேன். இரத்தம் எட்டரை, விரல் ஒன்பதேகால். பாய் அந்த நேரத்துக்குத் தவறமாட்டார் என்பதால் அதில் பிழை நேர்ந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கையின் நிக்காஹ் என்று பாய் விடுப்பு எடுத்தார். இரத்தம் எடுப்பதும் என் பொறுப்பாயிற்று. அன்று மாலை சென்னையில் ஒரு பட்டிமன்றத்தில் நான் அணித்தலைவன். பிற்பகல் வண்டியைப் பிடித்தாக வேண்டும். நான்கு பேர் ஆயத்தமாகப் படுத்திருந்தார்கள். கண்ணாடிச் சிரிஞ்சுகளோ இன்னும் கொதிநீரில் கிடந்தன. அவை ஆறும்வரை நிற்பானேன் என்று, கையுறையை மாட்டி நால்வரையும் விரலால் பார்த்து முடித்தேன். பிறகு இரத்தம் எடுத்தேன். என் மனம் அப்போது எதிரணியின் மூன்றாம் பேச்சாளருக்கு மறுப்புத் தேடிக்கொண்டிருந்தது. ஷீட்டில் எட்டரையும் ஒன்பதேகாலும் முத்து முத்தாக இருந்தன. அன்று மாலை என் அணி வென்றது.

நால்வரில் ஒருவர் புதுப்பட்டினத்துச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஐம்பது கடந்தவர், மனைவியை இழந்து பல ஆண்டு தனித்திருந்து, இரண்டாண்டுக்கு முன்புதான் மறுமணம் செய்துகொண்டவர். அவருடைய சுரப்பியின் ஒரு பக்கம் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. பத்து நாளில் சென்னை ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. அந்தப் பொருள் மிகுந்திருந்தது. விரல் சொல்வதும் இரத்தம் சொல்வதும் ஒத்துப்போனால் அதுவே போதும் என்று கருதிய மருத்துவர்கள் அந்நாளில் பலர். எங்கள் சீஃப் அவர்களில் ஒருவர். புற்று என்றே முடிவு செய்தார். அதற்கு அன்றைய சிகிச்சை, விதைகள் இரண்டையும் அறுத்து அகற்றுவது. வெள்ளிக்கிழமை என்று நாள் குறிக்கப்பட்டது. மேஸ்திரி எங்களிடம் ஒன்றும் கேட்காமல், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்.

திங்கட்கிழமை முற்பகல், பதிவேட்டு அறை வாசலில் பாய் என்னைத் தேடி வந்தார்.

“சார், மேஸ்திரிக்கு மொதல்ல விரல் வச்சிட்டு அப்பாலதான் ரத்தம் எடுத்தீங்களாமே.”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“அவருதான். கொறயா சொல்லல சார். பஞ்ச வச்சி கைய மடக்கிக்கினேதான் வெளிய வந்தேன்னாரு. ஊசிதான் கடேசின்னு தெரியுது இல்ல. நீங்களே சீஃப்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நா சொன்னா நல்லா இருக்காது.”

நான் அவரை விடவில்லை. மூன்று கருத்துகளை முன்வைத்தேன். ஒன்று, படிப்பறிவில்லாத ஒருவருடைய இரண்டு வார நினைவு, அன்றன்றைக்கு எழுதப்பட்ட ஆவணத்துக்கு எதிராக நிற்காது. இரண்டு, இரத்தம் என்ன சொன்னாலும் விரலில் பட்ட கட்டி பொய்யாகாது. மூன்று, தாமதத்தால் புற்று பரவினால் அதற்கு ஓர் ஆய்வகப் பணியாளர் பொறுப்பேற்பாரா? ஒவ்வொன்றையும் அடுக்கி, இறுதியில் குரலைத் தாழ்த்தி முடித்தேன். பேசுகையிலேயே தெரிந்தது, நன்றாகப் பேசுகிறேன் என்று. ஷீட்டிலுள்ள நேரங்கள் முந்தைய மாலையில் எழுதப்பட்டவை என்பதும் தெரிந்தது. ஒப்புக்கொண்டால் மகாபலிபுர மேடை போய்விடும் என்பதும் தெரிந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் மற்றொன்று இருந்தது: அந்த மனிதர் இவரிடம் அல்லவா சொன்னார், ஊசி போட்டவன் நான், விரல் வைத்தவன் நான், என்னிடம் சொல்லவில்லையே.

பாய், “ஷீட்டுல அப்படித்தான் எழுதி கீது சார்” என்று மட்டும் சொன்னார். காத்திருந்தார். அவர் காத்திருக்கும் அந்த இடைவெளியில் என்ன நிகழும் என்பதை நான் பலமுறை கண்டவன். ஆகவே அதற்குமேல் அங்கே நிற்காமல் நடந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் மேஸ்திரியின் இரத்தத்தை மீண்டும் எடுத்தார். அவரை விரலால் அழுத்திப் பார்த்து இரண்டு வாரம் ஆகியிருந்ததால், அப்போது எடுப்பது மெய்யான கணக்கைக் காட்டும். அந்தப் பொருள் வெயிலில் கெட்டுவிடும் தன்மையது. மீன் அங்காடியில் பனிக்கட்டி வாங்கி, பிளாஸ்கில் இட்டு, அதற்குள் குழாயை நிறுத்தி, வாராந்தரப் பெட்டிக்குக் காத்திராமல் தாமே ரயிலேறிச் சென்னைக்குக் கொண்டுபோனார். எவரிடமும் உத்தரவு கேட்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி போய், பிற்பகலில் முடிவோடு திரும்பினார்.

அந்தச் சீட்டைச் சீஃபின் மேசையில் அவர் வைத்திருக்கலாம். என் மேசையில் வைத்தார்.

“ஒங்க கேஸு சார்” என்றார். போய்விட்டார்.

அந்தப் பொருளின் அளவு, நோயற்ற மனிதனுடையதைப்போலவே இருந்தது.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் எதிர்த்து வாதாடியிருப்பேன். மிரட்டியிருந்தால் வெகுண்டிருப்பேன். இரண்டுக்கும் இடம் தராமல், எதிரணியே இல்லாத ஒரு மேடையில் என்னைத் தனியே நிறுத்திவிட்டுப் போனார். அன்று மாலை முழுவதும் சீஃபிடம் சொல்வதற்குச் சொற்களைத் தேடினேன். ஐயம் எழுந்ததால் நானே மறுபரிசோதனைக்கு ஏற்பாடு செய்தேன் என்று ஓர் உரை; ஆய்வகத்தில் குழாய்கள் மாறியிருக்கக்கூடும் என்று மற்றோர் உரை. இரண்டும் குற்றமற்ற உரைகள். கேட்பவர் நம்பியே தீரவேண்டிய உரைகள்.

வெள்ளிக்கிழமை காலை அறுவை அரங்கை நோக்கி நடந்தேன். வாசலில் தள்ளுவண்டியில் மேஸ்திரி கிடந்தார். அருகில் அவருடைய மனைவி, முப்பது வயதுக்கு மேல் இராது, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து எதையோ ஏந்தியிருந்தார். மேஸ்திரியின் இடுப்பிலிருந்து அறுத்துக் கொடுத்த அரைஞாண் கயிறு அது. ஆண்மகன் இடுப்பிலிருந்து அந்தக் கயிறு சாவில்தான் இறங்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை மடியில் முடிந்துகொள்ளவும் அஞ்சி, கீழே வைக்கவும் அஞ்சி, வாங்கியபடியே ஏந்திக்கொண்டு நின்றார்.

சீஃப் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆயத்தம் செய்திருந்த இரண்டு உரைகளில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“சார், மேஸ்திரிக்கு விரல் பரிசோதனை முடிச்சுட்டுத்தான் ரத்தம் எடுத்தேன். ஷீட்ல இருக்கற நேரம் பொய். இது ரெண்டாவது ரிசல்ட்.”

ஈரக்கையாலேயே சீட்டை வாங்கிப் பார்த்தார். “உனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

தவறு செய்த செவ்வாய்க்கிழமையே தெரியும், அன்று அதை எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். “பாய் திங்கக்கிழமையே வந்து சொன்னாரு சார்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய், வண்டியை வார்டுக்குத் திருப்பச் சொன்னார்.

பின்னர் ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை. பழைய அழற்சி ஒன்றின் தழும்புதான் விரலுக்குக் கட்டியாகத் தென்பட்டிருந்தது. மற்ற மூவரின் இரத்தத்தையும் மீண்டும் எடுத்தோம். மேஸ்திரி வீடு திரும்பிய வாரத்தில், பாயின் வீட்டு வாசலில் ஒரு வண்டி சவுக்கு விறகு இறங்கியது. அவருடைய தந்தை யாருக்கு என்ன விலை கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டு மருத்துவமனைக்கே வந்துவிட்டார். எனக்கு அந்த வாரமும் கும்பிடுதான்.

மேடை பறிபோகும் என்று காத்திருந்தேன். சீஃப் அழைத்தார். கட்டுரையை நான்தான் படிக்கவேண்டும் என்றார்; இந்தத் தவற்றையும் அதில் சேர்த்துப் படிக்கவேண்டும் என்றார். பாயையும் மேடையில் நிறுத்தும் யோசனையை அவர் கைவிட்டிருந்தார். பாயிடம் கேட்டாராம், பாய் சிலைடு மட்டும் போடுவதாகச் சொல்லிவிட்டாராம்.

மகாபலிபுரத்தில் அன்று கடற்காற்று அரங்கத்துத் திரைகளைப் புடைக்கச் செய்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் மருத்துவர்கள் வந்திருந்தார்கள். நான் பேசினேன். பரனூரும் வண்டலூரும் வந்தபோது அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எழும்பூருக்குப் போன முதியவருக்குக் கைதட்டல் விழுந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, வரிசை மாறிய அந்தக் காலையைச் சொன்னேன். தள்ளுவண்டியைச் சொன்னேன். அரைஞாண் கயிற்றைச் சொன்னேன். “அந்தத் தவற்றைச் செய்த கை, இதோ, இந்தக் கை” என்று வலக்கையை உயர்த்தினேன். பிறகு எழுந்த கைதட்டலைப்போல் ஒன்றை நான் அதற்கு முன்பும் பின்பும் பெற்றதில்லை. என் குற்றத்துக்கே கேடயம் வாங்கும் திறன் எனக்கு இருந்தது.

கேள்வி நேரத்தில் மதுரையிலிருந்து வந்திருந்த மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் எழுந்தார். நிலையங்களை வைத்து வலியை அளக்கும் முறையை யார் கண்டுபிடித்தது, தவறு நேர்ந்ததை யார் கண்டறிந்தது, இவ்விரண்டையும் தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார்.

அரங்கத்தின் கடைசியில், சிலைடு போடும் கருவியருகே பாய் நின்றிருந்தார். முன்வரிசையிலிருந்து சீஃப் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு பெயரைச் சொல்லவேண்டும், அவ்வளவே. பல நூறு பெயர்களை மேடைகளில் அடைமொழியோடு முழங்கிய நாக்கு எனக்கு.

“எங்கள் குழு” என்றேன்.

மருத்துவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். சீஃப் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். பாய், அடுத்த சிலைடைக் கேட்கிறேன் என்று எண்ணினாரோ என்னவோ, பொத்தானை அழுத்தினார். சிலைடுகள் தீர்ந்துவிட்டிருந்தன. எனக்குப் பின்னாலிருந்த திரையில் வெறும் வெளிச்சம் விழுந்தது.

அன்று மாலை வேனில் திரும்புகையில் அவர் என் அருகில்தான் அமர்ந்திருந்தார். நன்றாகப் பேசினீர்கள் என்றார். அதை மனதார, பொய்யின்றிச் சொன்னார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு கல்பாக்கம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் நல்ல ஊதியத்தில் வேலை கிடைத்துப் போனார். பிரிவுபசார விழாவில் அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஊரில் இல்லை என்று கடிதம் எழுதினேன். ஊரில்தான் இருந்தேன்.

கட்டுரை பின்னர் அச்சாயிற்று. ஆசிரியர் வரிசையில் சீஃபுக்கு அடுத்தபடி என் பெயர். இறுதியில் ‘ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி’ என்றிருக்கிறது. அந்த வரியை எழுதியவன் நான். அந்தப் பன்மையை வேண்டுமென்றே தேர்ந்தவனும் நான்.

எல்லோரும் பாய் என்றழைத்த அந்த மனிதருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. விடுப்புக் கடிதங்களின் அடியில் சிறிய எழுத்தில் எழுதுவார். மகாபலிபுரத்தில் சொல்லாத அந்தப் பெயரை இங்கே எழுதிவிடுவது என்ற முடிவோடுதான் முதல் வரியைத் தொடங்கினேன். இதுவரை எழுதவில்லை. அவர் கூச்சப்படுவார் என்பதால் அன்று. எனக்குத் தகுதியில்லை என்ற அடக்கத்தாலும் அன்று. எழுதினால், இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் நாளைக்கே பேருந்தேறி அவரைத் தேடிப் போவார். போய், என்னிடம் ஒருபோதும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொல்லிவிடுவார்.

அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பொறுக்கவில்லை.